விருந்தாளிக்கு ஒரு சட்டம், உழைப்பாளிக்கு ஒரு சட்டம்

(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பந்து விளையாட்டைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பகலெல்லாம் மில்லிலும் வயலிலும் உழைத்துக் களைத்து வந்திருக்கும் உங்களிடம், எங்கோ ஒரு பாலைவன நாட்டில் யார் எத்தனை கோல் போட்டார்கள் என்று கதை சொல்ல நாம் வரவில்லை. விளையாட்டு நல்லது, அதை ரசிப்பதும் நல்லது. ஆனால் அந்தப் பந்து உருண்ட மைதானத்தைக் கட்டியது யார்? அந்த மைதானத்துக்கு வந்தவர்களுக்காக எந்தச் சட்டம் வளைந்தது? கட்டியவர்களுக்காக எந்தச் சட்டம் வளைய மறுத்தது? இவை நம்முடைய கேள்விகள். அதனால்தான் பேசுகிறோம்.

2022-ம் வருஷம் நவம்பர் 20 முதல் டிசம்பர் 18 வரை கத்தார் நாட்டில் உலகக் கோப்பைக் கால்பந்துப் பந்தயம் நடந்தது. 32 நாடுகள், 64 ஆட்டங்கள், 8 மைதானங்கள். பந்தயத்தை ஒட்டி 14 லட்சம் பேர் வந்து போனதாகக் கத்தார் சர்க்கார் கணக்குச் சொல்லிற்று. பந்தயம் ஆரம்பமாவதற்கு முன்பே ஐரோப்பியப் பத்திரிகைகளில் பெரிய விவாதம் எழுந்தது. "எங்களுக்கு அங்கே என்ன சுதந்திரம் கிடைக்கும்?" என்று கேட்டார்கள். மது அருந்தலாமா? கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே ஹோட்டல் அறையில் தங்கலாமா? பெண்கள் என்ன உடை உடுத்தலாம்? வானவில் கொடி பிடிக்கலாமா? பகிரங்கமாக அபிப்பிராயம் சொல்லலாமா?

இந்தக் கேள்விகளைக் கேலி செய்ய நாம் விரும்பவில்லை. அவற்றில் சில சில்லறைக் கேள்விகள். சில மனிதனின் மானத்தையும் உயிரையும் பற்றிய கேள்விகள். இரண்டையும் ஒரே கூடையில் போட்டுக் குலுக்குவதால்தான் குழப்பம் வருகிறது. ஆகவே முதலில் பிரித்துப் பார்ப்போம்.

எது வழக்கம், எது கொடுமை?

ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறோம். அந்த வீட்டார் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுகிறோம். அது மரியாதை. அதுபோலவே, சர்க்கார் கட்டிடங்களிலும் கடைவீதிகளிலும் தோளையும் முழங்காலையும் மூடி நடக்கச் சொன்னால், தெருவில் குடித்துவிட்டு ஆடாதே என்று சொன்னால், வந்தவன் ஒரு மாதம் அடங்கியிருப்பதில் ஒரு குற்றமும் இல்லை. வெள்ளைக்காரன் எங்கே போனாலும் அவனுடைய சாராயமும் அவனுடைய வழக்கமும் அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்ற நினைப்பு பழைய ஏகாதிபத்திய நினைப்பு. அதை நாம் ஒருபோதும் ஏற்க மாட்டோம்.

ஆனால் வேறொரு விஷயம் இருக்கிறது. 2021-ம் வருஷம் ஒரு வெளிநாட்டுப் பெண், இந்த உலகக் கோப்பை ஏற்பாட்டு வேலைக்காகவே கத்தாருக்கு வந்தவர், தன் அறைக்குள் புகுந்து ஒருவன் தன்னைத் தாக்கினான் என்று போலீசில் புகார் செய்தார். அவனோ, அவளுக்கும் எனக்கும் உறவு உண்டு என்றான். அவ்வளவுதான், புகார் கொடுத்தவளே குற்றவாளியாகிவிட்டாள்! கல்யாணத்துக்கு வெளியே உறவு வைத்தாள் என்று அவள் மீதே வழக்குப் பாய்ந்தது. அவர் நாட்டை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. வெளியிலே கூக்குரல் எழுந்த பிறகு, 2022-ல் அந்த வழக்கு கைவிடப்பட்டது.

இது செருப்பைக் கழற்றும் வழக்கமா? இல்லை. அடிபட்டவளின் வாயை அடைக்கும் சட்டம் இது. கத்தார் நாட்டுப் பெண் ஒருத்தி கல்யாணம் செய்துகொள்ள ஆண் காப்பாளர் ஒருவரின் அனுமதி வேண்டும். கல்யாணமாகாத 25 வயதுக்கு உட்பட்ட பெண் வெளிநாடு செல்லவும் அனுமதி வேண்டும். ஆணும் ஆணும் உறவு கொள்வது அங்கே தண்டனைக்குரிய குற்றம். விருந்தாளிக்கு மட்டும், "எல்லோரும் வரலாம், யாரையும் தொந்தரவு செய்ய மாட்டோம்" என்று வாக்குறுதி கொடுத்தார்கள். விருந்தாளி ஒரு மாதத்தில் ஊருக்குப் போய்விடுவான். அங்கேயே பிறந்து அங்கேயே வாழ்கிறவர்கள் எங்கே போவார்கள்? அவர்களுக்கு அந்த ஒரு மாதச் சலுகைகூட எழுத்தில் கிடையாது.

விருந்தாளிக்குக் கொடுத்த வாக்குறுதியாவது நின்றதா? நவம்பர் 21-ம் தேதி வேல்ஸ் நாட்டு ரசிகைகள் வானவில் நிறத் தொப்பி அணிந்து வந்தபோது, வாசலில் அதைப் பறித்தார்கள். மறுநாள் ஒரு பிரேசில் பத்திரிகையாளர் தன் மாகாணமான பெர்னாம்புகோவின் கொடியைப் பிடித்திருந்தார். அதில் ஒரு வானவில் இருக்கிறது. அதையும் விடவில்லை. ஈரானிய ரசிகர்கள் தங்கள் நாட்டுப் பெண்களின் போராட்ட முழக்கத்தைச் சட்டையில் எழுதி வந்தபோது அவர்களையும் தடுத்தார்கள். வாக்குறுதி மேலிடத்தில் இருந்தது. வாசலில் வேறு உத்தரவு இருந்தது. உரிமை என்பது எழுத்தில் இல்லாமல் எஜமானனின் தயவில் இருந்தால் இப்படித்தான் நடக்கும். மில்லிலே "வாய்மொழியாகச் சொல்லிவிட்டேன், போய் வேலையைப் பார்" என்று மானேஜர் சொல்லும் வாக்குறுதி எத்தனை நாள் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

பீர் பீப்பாய் சொல்லும் உண்மை

சட்டம் என்பது வழக்கத்தைக் காப்பதற்கு மட்டும்தான் இருக்கிறதா? பீர் விஷயத்தைப் பாருங்கள்.

மைதானத்தைச் சுற்றிப் பீர் விற்கலாம் என்று பட்வைசர் கம்பெனிக்கும் சர்வதேசக் கால்பந்து சம்மேளனமான ஃபிஃபாவுக்கும் ஒப்பந்தம் இருந்தது. பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால், நவம்பர் 18-ம் தேதி, விற்பனை கிடையாது என்று அறிவித்தார்கள். நாட்டின் மதமும் வழக்கமும் காரணம் என்றே எல்லோரும் எண்ணினார்கள். நல்லது. ஆனால் அதே மைதானத்தின் மாடியிலே, பெரும் பணம் கொடுத்து உட்காரும் சொகுசு அறைகளில் மது தாராளமாக ஓடியது! ரசிகர் திருவிழாத் திடலிலும் மாலை நேரத்தில் பீர் கிடைத்தது. அரை லிட்டர் 50 ரியால். கத்தாரில் 2021 மார்ச்சில் அமலுக்கு வந்த குறைந்தபட்ச மாதக் கூலி 1,000 ரியால். நாளுக்கு வகுத்துப் பாருங்கள்: அரை லிட்டர் பீர், ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலியை விட அதிகம். கீழே உட்கார்ந்தவனுக்குத் தடை. மேலே உட்கார்ந்தவனுக்குத் தடை இல்லை. மதம் மாடிப்படி ஏறாது போலிருக்கிறது!

இனிப் பிரேசிலைப் பாருங்கள். மைதானத்தில் குடித்துவிட்டு அடிதடி நடக்கிறது என்று 2003-ம் வருஷச் சட்டத்தை ஒட்டி அங்கே மைதானங்களில் மது விலக்கப்பட்டிருந்தது. அது அந்த நாட்டு ஜனங்கள் தங்கள் நன்மைக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. 2014 உலகக் கோப்பை வந்தது. பீர் விற்கவிடாமல் பந்தயம் இல்லை என்று ஃபிஃபா அதிகாரி பிரேசிலுக்கே போய்ப் பகிரங்கமாகச் சொன்னார். 2012-ல் உலகக் கோப்பைக்கென்றே ஒரு தனிச் சட்டம் போட்டு அந்தத் தடையை ஒதுக்கி வைத்தார்கள். தேர்ந்தெடுத்த பார்லிமெண்டின் சட்டம் பீர் கம்பெனிக்காக வளைந்தது.

தென்னாப்பிரிக்காவையும் பாருங்கள். 2010 ஜூன் 14-ம் தேதி நெதர்லாந்து - டென்மார்க் ஆட்டத்தில் 36 பெண்கள் ஆரஞ்சு நிற உடையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த உடை வேறொரு பீர் கம்பெனி விளம்பரத்துக்காகக் கொடுத்தது. பந்தயத்தின் விளம்பர உரிமையைக் காசு கொடுத்து வாங்கியிருந்தது பட்வைசர். உடனே அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள். இரண்டு பெண்கள் மீது வழக்கே போட்டார்கள். பிறகுதான் வாபஸ் வாங்கினார்கள். அங்கே மன்னர் ஆட்சி இல்லை. மதச் சட்டம் இல்லை. இருந்தும் ஒரு பெண்ணின் பாவாடை நிறம் குற்றமாயிற்று, வியாபாரத்துக்காக.

2026 உலகக் கோப்பையை அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ ஆகிய மூன்று நாடுகளுக்குக் கொடுத்தார்கள். 2025 ஜூனில் அமெரிக்க ஜனாதிபதி 12 நாடுகளின் பிரஜைகள் தம் நாட்டுக்குள் வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். ஈரான் அதில் ஒன்று. பந்து ஆடுகிறவனுக்கு உத்தரவிலேயே விலக்கு உண்டு. கைதட்ட வருகிறவனுக்கு விலக்கு இல்லை. விருந்தாளியின் சுதந்திரம் கட்டுப்பெட்டியான நாடுகளில் மட்டும்தான் கேள்விக்குறி என்று நினைக்க வேண்டாம்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஒரு நாட்டிலே மன்னருக்காக, இன்னொரு நாட்டிலே கம்பெனிக்காக, வேறொரு நாட்டிலே ஓட்டுக்காகச் சட்டம் வளைகிறது அல்லது இறுகுகிறது. எங்கேயும் சாதாரண ஜனத்தைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை.

உண்மையான வெளியூர்க்காரன் யார்?

தோழர்களே! ஒரு மாதம் வந்து போன விருந்தாளியைப் பற்றி உலகம் இவ்வளவு பேசிற்று. பன்னிரண்டு வருஷமாக அங்கே இருந்த வெளியூர்க்காரனைப் பற்றிப் பேசுவோம்.

2010 டிசம்பர் 2-ம் தேதி கத்தாருக்குப் பந்தயம் வழங்கப்பட்டது. அதன் பிறகு மைதானங்கள், மெட்ரோ ரயில், சாலைகள், ஹோட்டல்கள் என்று லுசைல் என்ற ஒரு புதிய நகரமே எழுந்தது. கட்டியது யார்? அந்த நாட்டு ஜனத்தொகை 30 லட்சத்தை ஒட்டியது. அதில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்க வந்த வெளிநாட்டார்: நம் நாட்டார், நேபாளத்தார், வங்கதேசத்தார், பாகிஸ்தானியர், இலங்கையர், பிலிப்பைன்ஸ் மக்கள், ஆப்பிரிக்கர். நம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்தும் கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, ஏஜெண்டுக்குக் கொடுத்துப் போனவர்கள் அங்கே உண்டு.

அவர்களைக் கட்டிப்போட்டிருந்த சட்டத்தின் பெயர் கஃபாலா. அதாவது, வரவழைத்த முதலாளியே உனக்கு ஜாமீன். அவன் எழுதிக் கொடுக்காமல் நீ வேறு வேலைக்குப் போக முடியாது. அவன் சம்மதம் இல்லாமல் நாட்டை விட்டே போக முடியாது. கூலி கொடுக்காவிட்டால்? வேலையை விட்டால் "ஓடிப்போனவன்" என்று போலீசில் எழுதிவிடலாம். நம் தஞ்சைத் தரணியில் பண்ணையாளாக இருந்த பெரியவர்களைக் கேளுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் சங்கதி அவர்களுக்குத் தெரியும்.

எத்தனை பேர் இறந்தார்கள்? இதிலே நாம் கவனமாகப் பேச வேண்டும். எண்ணைக் கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் செத்தவனுக்கு நியாயம் செய்ததாகாது. பிரிட்டனின் கார்டியன் பத்திரிகை 2021 பிப்ரவரியில் சர்க்கார் கணக்குகளைத் திரட்டி வெளியிட்டது: 2010 முதல் 2020 வரை இந்தியா, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய ஐந்து நாட்டார் 6,500-க்கு மேற்பட்டவர்கள் கத்தாரில் இறந்திருந்தார்கள். இந்தியர் மட்டும் 2,711. இவர்கள் எல்லோரும் மைதானத்தில் இறந்தவர்கள் அல்லர். எல்லாத் தொழிலும், எல்லாக் காரணமும் சேர்ந்த கணக்கு இது. கத்தார் ஏற்பாட்டுக் குழுவோ, மைதான வேலையில் இறந்தவர் 40 பேர்தான், அதிலும் வேலையினால் இறந்தவர் மூன்றே பேர் என்றது. 2022 நவம்பரில் அந்தக் குழுவின் பொதுச் செயலாளரே ஒரு பேட்டியில் 400-லிருந்து 500 வரை என்றார். பிறகு, 2014 முதல் 2020 வரை நாடு முழுவதும் வேலையிடத்தில் இறந்தவர் 414 பேர், அதைத்தான் சொன்னார் என்று விளக்கம் வந்தது.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? பெரும்பாலான சாவுகளை "இயற்கை மரணம்", "இருதயம் நின்றது" என்று எழுதி முடித்துவிட்டார்கள். இந்தியர் சாவுகளில் 80 சதவிகிதம் இப்படி எழுதப்பட்டதாக அதே பத்திரிகை காட்டிற்று. பிரேதப் பரிசோதனை இல்லை. ஊரிலே மருத்துவப் பரிசோதனையில் தேறி, ஆரோக்கியமாகப் போன வாலிபனின் இருதயம் ஏன் நின்றது? கொளுத்தும் வெயிலில் கம்பி கட்டியதாலா? காரணம் எழுதாவிட்டால் நஷ்டஈடு இல்லை. காகிதத்தில் ஒரு வார்த்தை. குடும்பத்துக்கு ஒரு காசு இல்லை!

சுதந்திரத்தைப் பற்றித்தானே பேச்சு? 2022 ஆகஸ்டு 14-ம் தேதி தோஹா நகரில் சுமார் 60 தொழிலாளர்கள், மாதக்கணக்கில் வராத கூலியைக் கேட்டுக் கம்பெனி ஆபீஸ் முன்னால் நின்றார்கள். சிலரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள்; பொதுப் பாதுகாப்புச் சட்டத்தை மீறினார்கள் என்று சர்க்கார் சொன்னது. அக்டோபர் கடைசியில், ரசிகர்கள் வந்து இறங்க மூன்று வாரமே இருந்தபோது, நகர மத்தியில் அல் மன்சூரா வட்டாரத்தில் ஒரு டஜனுக்கு மேற்பட்ட கட்டிடங்களிலிருந்து தொழிலாளர்களைக் காலி செய்தார்கள். ஒரு கட்டிடத்தில் மட்டும் 1,200 பேர். இரண்டு மணி நேரக் கெடு என்று ராய்ட்டர் செய்தி கூறிற்று. பந்தயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றது சர்க்கார். பந்தயம் நடந்தபோது தொழிலாளர்களுக்கென்று ஊருக்கு வெளியே, அவர்கள் கேம்ப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் பெரிய திரை வைத்துக் காட்டினார்கள். கட்டிய மைதானத்தை அவர்கள் பார்த்தது திரையிலேதான்.

வாயைப் பொத்திய வீரர்களும் வாயு வாங்கிய கம்பெனிகளும்

ஐரோப்பாவின் ஏழு நாட்டு அணித் தலைவர்கள், எல்லா மனிதரும் சமம் என்று காட்டக் கையில் ஒரு வண்ணப் பட்டை கட்டுவோம் என்றார்கள். கட்டினால் ஆட்டத்திலேயே தண்டனை என்றது ஃபிஃபா. நவம்பர் 21-ம் தேதி ஏழு நாடுகளும் பின்வாங்கின. 23-ம் தேதி ஜெர்மன் வீரர்கள் படம் எடுக்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்கள். அந்த வாலிபர்களின் எண்ணத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஆறு நாள் கழித்து, 29-ம் தேதி, என்ன நடந்தது? ஜெர்மனிக்கு 2026 முதல் குறைந்தது 15 வருஷத்துக்கு, வருஷம் 20 லட்சம் டன் வரை திரவ எரிவாயு அனுப்பக் கத்தாருடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. விளையாட்டு வீரன் வாயைப் பொத்தினான். வியாபாரி கையை நீட்டினான்.

ஆனால் தோழர்களே, இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அதில் நாம் சிக்கக்கூடாது. பந்தயத்துக்கு முதல் நாள் ஃபிஃபா தலைவர் பேசினார்: ஐரோப்பியர் 3,000 வருஷமாகச் செய்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்கட்டும், பிறகு மற்றவர்களுக்கு உபதேசம் செய்யட்டும் என்ற கருத்தில் பேசினார். காலனி ஆட்சியில் அடிபட்ட நமக்கு அது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். குற்றம் சாட்டுகிறவன் யோக்கியன் இல்லை என்பதால் குற்றம் செய்தவன் யோக்கியனாகிவிடுவானா? பக்கத்து மிராசுதார் மோசமானவர் என்பதற்காக நம் மிராசுதார் கூலியை அமுக்குவது நியாயமாகுமா?

இன்னொரு கண்ணியும் உண்டு. இந்தக் கதையை எடுத்துக்கொண்டு, "பார்த்தாயா, அந்த மதமே அப்படி" என்று நம் ஊரிலே சிலர் கிளம்புவார்கள். அவர்களை நம்பாதீர்கள். அந்த வெயிலில் செத்தவர்களில் முஸ்லிம் தொழிலாளி உண்டு, இந்துத் தொழிலாளி உண்டு, கிறிஸ்தவத் தொழிலாளி உண்டு. கூலியை அமுக்கிய ஒப்பந்தக்காரர்களிலும் பல நாட்டார் உண்டு. பொருளாசைக்கு மதம் கிடையாது, பசிக்கும் கிடையாது.

எது மாறியது, எப்படி மாறியது?

ஒன்றுமே மாறவில்லையா என்றால், மாறியது. 2014-ல் தொழிலாளர் பிரதிநிதிகள் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தில் கத்தார் மீது புகார் கொடுத்தார்கள். மூன்று வருஷம் அந்தப் புகார் தலைக்கு மேல் தொங்கிற்று. அதன் பிறகுதான், 2018-ல், நாட்டை விட்டு வெளியேறப் பெரும்பாலோருக்கு முதலாளியின் அனுமதி வேண்டாம் என்று ஆயிற்று. 2020-ல் வேலை மாற அவன் கடிதம் வேண்டாம் என்று சட்டம் வந்தது. 2021-ல் எல்லா நாட்டாருக்கும் ஒரே குறைந்தபட்சக் கூலி வந்தது. கோடையில் காலை 10 மணி முதல் மாலை 3½ மணி வரை வெட்ட வெளியில் வேலை கூடாது என்று விதி வந்தது. கட்டிட, மரத் தொழிலாளர் சர்வதேச சம்மேளனம் 2016-ல் செய்த உடன்பாட்டின் பேரில் மைதான வேலையிடங்களை நேரில் பார்வையிட்டது.

இவை கைப்பட்டையால் வந்தவை அல்ல. வாயைப் பொத்தியதால் வந்தவையும் அல்ல. ஸ்தாபன ரீதியாகப் புகார் கொடுத்து, விடாமல் நெருக்கியதால் வந்தவை. ஆனால் முழுமையாக வரவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளி சங்கம் அமைக்கும் உரிமை மட்டும் கிடைக்கவில்லை. சங்கம் இல்லாத இடத்தில் சட்டத்தை அமல் நடத்துவது யார்? நஷ்டஈடும் கிடைக்கவில்லை. அணிகளுக்குப் பரிசாகக் கொடுக்கும் 44 கோடி டாலருக்குச் சமமான தொகையைத் தொழிலாளர் குடும்பங்களுக்காக ஒதுக்குங்கள் என்று 2022 மே மாதம் மனித உரிமை ஸ்தாபனங்கள் கேட்டன. 2024 நவம்பரில் ஃபிஃபா 5 கோடி டாலர் நிதி ஒன்றை அறிவித்தது. அதுவும் உலக சுகாதார ஸ்தாபனம், உலக வர்த்தக ஸ்தாபனம், அகதிகள் ஸ்தாபனம் ஆகியவற்றின் திட்டங்களுக்கு. இறந்தவன் வீட்டுக்கு அல்ல.

அடுத்தது சவூதி

2024 டிசம்பர் 11-ம் தேதி, 2034 உலகக் கோப்பையைச் சவூதி அரேபியாவுக்குக் கொடுத்தார்கள். போட்டிக்கு வேறு நாடே இல்லை. ஓட்டெடுப்பும் இல்லை, கைதட்டி நிறைவேற்றினார்கள். 15 மைதானங்கள் என்று திட்டம். சவூதியில் தொழிற்சங்கத்துக்கே இடம் கிடையாது. அந்த நாட்டுத் தொழிலாளர் நிலைமை பற்றி மேலே சொன்ன கட்டிடத் தொழிலாளர் சம்மேளனம் 2024 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தில் புகார் கொடுத்தது. 2025 பிப்ரவரியில் லண்டனில் உள்ள சவூதி தூதர், மது கிடையாது என்று சொன்னார். உடனே பத்திரிகைகளில் பழையபடி பீர் விவாதம் ஆரம்பமாயிற்று. பீரைப் பற்றி அவர்கள் பேசட்டும். நாம் பேச வேண்டியது சிமெண்டைப் பற்றி, வெயிலைப் பற்றி, கூலியைப் பற்றி.

இந்த மைதானங்களில் கம்பி கட்டப் போகிறவன் உங்கள் தம்பியாக இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பையனாக இருக்கலாம். அவனிடம் இன்றே சொல்லுங்கள். பதிவு பெற்ற ஏஜெண்டுதானா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ளாமல் கைநாட்டு வைக்க வேண்டாம். ஒப்பந்தம், பாஸ்போர்ட்டு, விசா எல்லாவற்றின் நகலும் வீட்டிலே ஒரு பிரதி இருக்கட்டும். போகும் நாட்டின் சட்டத்தைத் தெரிந்துகொண்டு போகட்டும். அங்கே விருந்தாளிக்குக் காட்டும் சலுகை அவனுக்குக் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளட்டும். அசம்பாவிதம் நேர்ந்தால், "இயற்கை மரணம்" என்ற காகிதத்தோடு குடும்பம் ஓய்ந்துவிடாமல், காரணம் என்ன என்று எழுத்து மூலம் கேட்கச் சொல்லுங்கள். தனியாகக் கேட்டால் பதில் வராது. சங்கத்தின் மூலம், ஊராரின் கையெழுத்தோடு கேட்கச் சொல்லுங்கள்.

நம் சர்க்காரிடமும் கேட்போம். ஆட்களை அனுப்பும் நாடுகள் தனித்தனியாகக் கெஞ்சினால், இவனை விட அவன் மலிவு என்று பேரம் பேசுவார்கள். இந்தியாவும் நேபாளமும் வங்கதேசமும் இலங்கையும் பாகிஸ்தானும் சேர்ந்து நின்று, கூலிக்கும் உயிருக்கும் உத்தரவாதம் எழுத்தில் கொடு, ஒவ்வொரு சாவுக்கும் காரணம் கண்டு சொல், சங்கம் வைக்க உரிமை கொடு என்று கேட்க வேண்டும். முதல் கல் நடும் முன்பே கேட்க வேண்டும். கடைசி ஆட்டம் முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை என்பதைக் கத்தார் நமக்குக் காட்டிவிட்டது.

விருந்தாளிக்குச் சுதந்திரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பெண் பயமின்றிப் புகார் கொடுக்கட்டும். மனிதன் தன் மனத்தைப் பயமின்றிச் சொல்லட்டும். ஆனால் அந்தச் சுதந்திரம் டிக்கெட்டோடு ஒரு மாதம் வந்து, டிக்கெட்டோடு போய்விடக்கூடாது. அந்த நாட்டுப் பெண்ணுக்கும், அந்த நாட்டில் வியர்வை சிந்தும் வெளியூர்க்காரனுக்கும் அது சட்டமாக எழுதப்பட வேண்டும். அதற்காகக் குரல் கொடுக்கும் கடமை, அங்கே ஆள் அனுப்பியிருக்கும் ஒவ்வொரு கிராமத்துக்கும், ஒவ்வொரு சங்கத்துக்கும் உண்டு.